புது வண்டியில் இன்ஜின் லைட்டு எரிந்தால்

பைக்கின் சாவியைத் திருப்பியதும் மீட்டரில் மஞ்சள் நிறத்தில் ஓர் இன்ஜின் படம் வரும். அது வரத்தான் வேண்டும். விளக்கு வேலை செய்கிறது என்று வண்டி தானே சோதித்துக் காட்டுகிற நேரம் அது. சில மாடல்களில் இரண்டு மூன்று விநாடியில் அணைந்துவிடும். சிலவற்றில் ஸ்டார்ட் ஆகும்வரை நிற்கும். இரண்டும் சரிதான். சாவி போட்டும் எரியவே இல்லையென்றால்தான் யோசிக்க வேண்டும். டெலிவரி எடுக்கிற அன்று, மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் படம் எடுப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். எரிகிற விளக்கை மறைத்து விற்க ஒரு துண்டு கறுப்பு டேப் போதும்.

ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் அந்த விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம். வண்டி புதிது, வாரண்டி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பல விஷயம் சொல்லப்போகிறேன், எல்லாம் நினைவில் நிற்காது. ஒன்று நின்றால் போதும்: எதற்காக எரிந்தது என்கிற எண், ஷோரூமில் எழுதுகிற ஜாப் கார்டில் ஏறாமல், யாரையும் அந்த விளக்கை அணைக்க விடாதீர்கள்.

எரிவது எந்த விளக்கு?

இன்ஜின் லைட்டு என்று பதறி வருகிற பலர் காட்டுவது இன்ஜின் லைட்டே அல்ல. ஏபிஎஸ் என்று எழுதிய விளக்கு ஒன்று இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அந்த விளக்கு ஸ்டார்ட் செய்த பிறகும் எரியும். வண்டி நகர்ந்து ஐந்து, பத்து கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் அணையும். ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, கியரில் விட்டுப் பின் சக்கரத்தைச் சுழலவைத்துச் செயினுக்கு ஆயில் அடிக்கிறவர்கள் உண்டு. பின் சக்கரம் ஓடுகிறது, முன் சக்கரம் நிற்கிறது. வண்டியின் கம்ப்யூட்டர் இதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு ஏபிஎஸ் விளக்கைப் போட்டுவிடும். சாவியை அணைத்து மறுபடி போட்டு, தெருமுனை வரை ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். கியரில் சுழலவிடுவதை விட்டு, கையால் சுற்றுங்கள். விளக்குக்காக அல்ல, விரலுக்காக.

ஸ்பேனர் படம் வந்தால் சர்வீஸ் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள், கோளாறு இல்லை. சிவப்பில் எண்ணெய்க் கேன் படமோ தெர்மாமீட்டர் படமோ வந்தால் கதை வேறு. அங்கேயே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். அதன்பிறகு ஓட்டுகிற ஒவ்வொரு நிமிடமும் இன்ஜினுக்குச் செலவு.

இன்னொரு வகை, வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் மஞ்சள் விளக்கு மட்டும் நிற்பது. முதலில் வலது கைப்பிடியில் இருக்கிற சிவப்பு சுவிட்சைப் பாருங்கள். குழந்தைகள் தட்டிவிட்டிருப்பார்கள். சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தாலும் இப்போதைய வண்டிகள் கியர் போட்டதும் நின்றுவிடும். மழையில் செம்மண் சரிவில் வண்டி சாய்ந்து விழுந்து எழுந்திருந்தால், சாய்வைக் கண்டுபிடிக்கிற சென்சார் பெட்ரோலை நிறுத்தியிருக்கும். சாவியை முழுக்க அணைத்து, சில விநாடி விட்டுத் திரும்பப் போட்டால்தான் அது விடும். இது தெரியாமல் விழுந்த வண்டியை ஆட்டோவில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ரோட்டில் எரிந்தால்

நம் கேரள எல்லையோரத்தில், அமரவிளையிலிருந்து உதியன்குளங்கரை, பாறசாலை வழியாக இஞ்சிவிளை போகிற தேசிய நெடுஞ்சாலையில் பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகும், ஒதுங்க இடம் கிடைக்காது. விளக்கைக் கண்டதும் சட்டென்று பிரேக் போடாதீர்கள். மஞ்சள் விளக்கு அந்த அளவு அவசரம் அல்ல. இண்டிகேட்டர் போட்டு, ஏதாவது ஒரு கிளை ரோட்டில் இறக்கி நிறுத்துங்கள்.

இன்ஜினை உடனே அணைக்க வேண்டாம். அரை நிமிடம் கவனியுங்கள். ஐடிலிங் சீராக இருக்கிறதா, ஏறி இறங்குகிறதா? திராட்டில் திருகினால் இழுக்கிறதா, விக்குகிறதா? பச்சைப் பெட்ரோல் நாற்றம் வருகிறதா? இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், காதும் மூக்கும் போதும். பிறகு மொபைலை எடுத்து ஒரு சின்ன வீடியோ எடுங்கள். மீட்டரில் விளக்கும் கிலோமீட்டரும் சேர்ந்து தெரிய வேண்டும், இன்ஜின் சத்தம் கேட்க வேண்டும். மறுநாள் ஷோரூம் வாசலில் அந்த விளக்கு எரியாமல் போய் உங்களைச் சங்கடப்படுத்தும். வீடியோ இருந்தால் பேச்சு நீளாது.

வண்டி வழக்கம்போல ஓடுகிறது, விளக்கு மட்டும் விடாமல் எரிகிறது என்றால் வீட்டுக்கு ஓட்டிப் போகலாம். ஏதோ ஒரு சென்சார் சொல்வதைக் கம்ப்யூட்டர் நம்பவில்லை. அதை ஒதுக்கிவிட்டு, தன்னிடம் எழுதிவைத்திருக்கிற ஒரு பொது அளவை வைத்துப் பெட்ரோலைத் தெளிக்கிறது. மைலேஜ் குறையும், இழுவை கொஞ்சம் மந்தமாகும், வழியில் விட்டுவிடாது. இரண்டொரு நாளில் காட்டினால் போதும். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு பத்துகாணிப் பக்கம் மலை ஏறுவதை அதுவரை தள்ளிவையுங்கள்.

விக்குகிறது, வெடிக்கிறது, பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது என்றால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், அங்கே இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரியும். அது பழுக்கக் காயும், கடைசியில் உருகி அடைத்துக்கொள்ளும். அந்தப் பாகத்துக்கு விலை உயர்ந்த உலோகங்கள் பூசியிருக்கிறார்கள், விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான். இன்னொன்று, இது நம் ஊருக்கே உரிய எச்சரிக்கை: ரப்பர் இலை உதிர்கிற மாதங்களில் இப்படிச் சூடேறிய வண்டியைத் தோட்டத்துக்குள் சருகின்மேல் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் இரண்டு பொருள் இருக்கலாம். சில மாடல்களில் அது இன்ஜின் சரியாக எரியவில்லை, நிறுத்து என்று சொல்வது. வேறு சிலவற்றில், கோளாறின் எண்ணையே மின்னி மின்னிச் சொல்வது. எது உங்கள் வண்டிக்கு என்று வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும். சீட்டுக்கடியில் பிளாஸ்டிக் கவரோடு கிடக்கிறதே, அதுதான். ஒரு தடவை திறந்து பாருங்கள்.

இந்த விளக்கு எங்கிருந்து வந்தது

கார்புரேட்டர் வண்டியில் இந்தத் தொல்லை இல்லையே என்று பெரியவர்கள் சொல்வது சரிதான். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கிற வண்டிகளுக்கு பிஎஸ்6 விதி வந்தது. நாடு பிஎஸ்4-லிருந்து 5-ஐத் தாண்டி நேராக 6-க்குக் குதித்தது. பிஎஸ்4 வண்டியை அந்தத் தேதிக்குப் பிறகு விற்கக் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தப் புகை அளவைப் பழைய மாதிரிக் கார்புரேட்டரால் எட்டுவது கஷ்டம். அதனால் பெரும்பாலான 100 சிசி வண்டிகளிலும் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சார், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கம்ப்யூட்டர் என்று ஏறிவிட்டன. அந்தக் கம்ப்யூட்டர் தன் வயர்களைத் தானே கண்காணித்து, கோளாறு கண்டால் ஓட்டுகிறவருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அதே விதியின் பகுதி. மஞ்சள் விளக்கு அதற்காக வைத்தது. 2023 ஏப்ரலிலும் 2025 ஏப்ரலிலும் கண்காணிப்பு அடுத்தடுத்த கட்டத்துக்குப் போனது. முன்பு வயர் அறுந்ததா, ஷார்ட் ஆனதா என்று மட்டும் பார்த்தது. இப்போது பாகம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்றும் பார்க்கிறது. ஆகவே புது மாடல்களில் விளக்கு முன்னைவிட எளிதில் எரிவதில் ஆச்சரியம் இல்லை.

அதாவது அது முதலில் புகைக்கான விளக்கு; இன்ஜின் உடையப்போகிறது என்று சொல்வதற்காக வைத்ததல்ல. இது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

நம் ஊரில் எதனால் எரிகிறது

கொல்லயில் பக்கம் இரண்டு மழைக்காலம். இடவப்பாதியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. முற்றத்தில் நனைந்து நிற்கிற வண்டியின் கனெக்டர்களுக்குள் ஈரம் இறங்கும். சென்சார் நன்றாக இருக்கும், அதற்குப் போகிற வயரின் முனையில் பச்சை பூத்திருக்கும். இதைவிட மோசம் வாட்டர் சர்வீஸ். சேறு போக வேண்டும் என்று பையன் பிரஷர் கன்னை இன்ஜின் பக்கத்தில் வைத்து அடிப்பான். மழைத் தண்ணீர் போகாத இடத்துக்கெல்லாம் அது போகும். சீட்டுக்கடியிலும் திராட்டில் பாடி பக்கத்திலும் நேராக அடிக்காதே என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் விளக்கு எரிந்தால் காரணம் தேடி அலைய வேண்டாம். நல்ல வெயிலில் சீட்டைக் கழற்றி அரை நாள் விட்டால் பல வண்டிகள் தாமே சரியாகும். சரியானாலும் எண் உள்ளே பதிந்திருக்கும், அடுத்த சர்வீஸில் வாசிக்கச் சொல்லுங்கள்.

எலி. சிரிக்காதீர்கள். வயரைக் கடித்து அறுத்த எலியால் எரிகிற விளக்குக்கு வாரண்டி கிடையாது, வயரிங் செட்டின் விலை கேட்டால் சிரிப்பும் வராது. நெல்லும் கோழித்தீவனமும் வைக்கிற சாய்ப்பில் வண்டியை நிறுத்துகிறவர்கள் மாதத்துக்கு ஒரு தடவையாவது சீட்டைத் திறந்து பாருங்கள். கறுப்புப் புழுக்கை கிடந்தால் இடத்தை மாற்றுங்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் நிற்கிற வண்டி தனி வகை. லீவில் வந்து வாங்கியது, அவர் திரும்பிப் போனபின் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். மீட்டரும் கம்ப்யூட்டரும் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் குடிக்கும். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இது 12-க்குக் கீழே போயிருக்கும். சாவி போட்டதும் பெட்ரோல் டாங்கிலிருந்து பம்ப் ஒரு இரண்டு விநாடி முனக வேண்டும். அந்த முனகல் கேட்கவில்லை, அல்லது இழுத்து இழுத்துக் கேட்கிறது என்றால் முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள், பிறகு மற்றதைப் பேசலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி செத்தால் பல மாடல்கள் உதைத்தாலும் தள்ளினாலும் கிளம்பாது. ஓடுகிற காரிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணுகிற வேலை வேண்டாம். பிளஸ் மைனஸ் மாறிப்போனால் கம்ப்யூட்டரே போய்விடும். ஆறு மாதம் நிற்கப்போகிற வண்டிக்கு மைனஸ் வயரைக் கழற்றி வைத்தால் போதும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லை தாண்டினால் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்று களியக்காவிளையில் டாங்கை நிரப்புவது நம் பக்கத்து வழக்கம். அதில் தப்பே இல்லை. விளக்கு எரிந்து ஷோரூமுக்குப் போனால் மட்டும் “எங்க பெட்ரோல் அடிச்சீங்க?” என்று கேட்டு, பழியை அங்கே தள்ளிவிடப் பார்ப்பார்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டாங்கின் அடியில் தனியாகத் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். மழைக்காலத்தில் இது நடக்கக்கூடியதே, இந்தப் பக்கத்துப் பங்க் என்றாலும் அந்தப் பக்கத்துப் பங்க் என்றாலும். பில் வாங்கி வையுங்கள். சந்தேகம் இருந்தால் பங்க்கிலேயே டென்சிட்டி பார்க்கவும், ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஷோரூம்காரர் பெட்ரோல்தான் காரணம் என்றால், டாங்கிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் கோடு போட்டுத் தெரியும். தெரியவில்லையென்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

கடைசியாக, நாமே வரவழைத்துக்கொள்வது. எக்ஸ்ட்ரா லைட்டுக்கும் ஹாரனுக்கும் வயரைச் சீவி முடிச்சுப் போடுவது, சத்தத்துக்காகச் சைலன்சர் மாற்றுவது. சைலன்சரோடு ஆக்சிஜன் சென்சாரின் கணக்கும் மாறும். வாரண்டி முடியும்வரை பொறுத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டால் பையன்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

எண்ணை வாசிப்பது

ஒவ்வொரு கோளாறுக்கும் ஓர் எண் உண்டு. கோடு என்பார்கள். சில வண்டிகளில் விளக்கே மின்னிச் சொல்லும். ஹோண்டா முறையில் நீண்ட மின்னல் பத்து, குட்டை மின்னல் ஒன்று. நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று என்றால் 21, அது ஆக்சிஜன் சென்சார். நீளம் ஒன்று, குட்டை இரண்டு என்றால் 12, இன்ஜெக்டர். யமஹாவின் சில மாடல்களில் மீட்டரிலேயே எண் வந்து நிற்கும். மற்றவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். கார் ஸ்கேனரின் 16 பின் பிளக் பைக்கில் சேராது. பிஎஸ்6 பைக்குகளில் பெரும்பாலும் சீட்டுக்கடியில் சிவப்பு நிறத்தில் 6 பின் கனெக்டர் இருக்கும். இடைவயர் ஒன்று வாங்கினால் மலிவான புளூடூத் ஸ்கேனரும் பல வண்டிகளில் வாசிக்கும். வாசிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேப்பர் கிளிப்பை வளைத்து அந்தக் கனெக்டரில் குத்துகிற வீடியோக்கள் இருக்கின்றன, பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.

ஸ்கேனர் காட்டுவது பி என்கிற எழுத்தும் நான்கு இலக்கமும். பி0113 உள்ளே போகிற காற்றின் சூட்டை அளக்கிற சென்சாரைப் பற்றியது. பி0122 திராட்டில் சென்சார். பி0130 ஆக்சிஜன் சென்சார். பி0201 இன்ஜெக்டர், பி0351 இக்னிஷன் காயில், பி0562 வோல்டேஜ் குறைவு, பி0300 இன்ஜின் சரியாக எரியாமல் விடுவது. பலர் ஏமாறுகிற இடம் இதுதான். பி0113 வந்தால் அந்தச் சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்தச் சென்சாரிலிருந்து வருகிற சிக்னல் இருக்க வேண்டியதைவிட உயரத்தில் நிற்கிறது என்றுதான் அர்த்தம். சென்சார் கெட்டிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் சரியாக அழுந்தாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கலாம். ஃபேக்டரியில் அழுத்தியது சரியாக உட்காராத கனெக்டர் முதல் ஆயிரம் கிலோமீட்டர் குலுக்கலில் விலகுவது புது வண்டியில் நடப்பதுதான். எண் எந்தத் தெரு என்று சொல்லும், எந்த வீடு என்று மெக்கானிக்தான் தேட வேண்டும். மல்டிமீட்டரை எடுக்காமல், எண்ணைப் பார்த்த உடனே “சென்சார் மாத்தணும், காசாகும்” என்று சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

தனுவச்சபுரம் ஐடிஐயில் படித்து வந்த பையன்கள் பலர் இந்தப் பகுதி ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கிறார்கள், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள். எண்ணை வாசித்துச் சொல்ல அவர்களிடம் போகலாம். வாரண்டி இருக்கும்வரை வயரைத் தொட மட்டும் விடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைக்கிற பழைய வித்தையும் வேண்டாம். பல வண்டிகளில் அதனால் எண் அழிவதில்லை. அழிகிற வண்டிகளிலோ, வாரண்டிக்குக் காட்ட வேண்டிய சாட்சி போய்விடுகிறது.

ஷோரூமில்

சர்வீஸ் அட்வைசர் ஸ்கேனரை மாட்டுவார், பார்ப்பார், ஒரு பட்டனைத் தட்டுவார், விளக்கு அணையும். பேச்சு இப்படிப் போகும்:

“அது சும்மா சென்சார் கோளாறாக்கும் தம்பி. கிளியர் பண்ணியாச்சு. கொண்டுபோலாம்.”

“என்ன கோடு அண்ணா வந்தது?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. இனி வராது.”

வரும். கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? அழித்த எண்ணோடு இன்னொன்றும் போகிறது. கோளாறு பதிந்த நொடியில் இன்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றியது, சூடு என்ன, வண்டி என்ன ஸ்பீடு என்பதைப் பல கம்ப்யூட்டர்கள் எண்ணோடு சேர்த்து வைத்திருக்கும். மழையில் மட்டும் வருகிற கோளாறா, சூடேறினால் வருகிறதா என்று கண்டுபிடிக்க அதுதான் துப்பு. அழித்தபின் விளக்கு திரும்ப எரிந்தால் மெக்கானிக் முதலிலிருந்து தேட வேண்டும். வண்டி அவர் கையில் தங்கும், நீங்கள் பஸ்ஸில் போக வேண்டும்.

அதனால் வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுத வேண்டும். இந்த மாதிரி: “1,840 கிலோமீட்டரில் இன்ஜின் லைட்டு எரிந்தது. மழையில் ஓட்டியபின் வந்தது. வீடியோ உள்ளது. கோடு வாசித்து இந்தக் கார்டில் எழுதவும். எழுதாமல் அழிக்க வேண்டாம்.” அவர் ஜெனரல் செக்கப் என்று மட்டும் எழுதினால், தன்மையாகத் திருத்தச் சொல்லுங்கள். அட்வைசரிடம் எகிற வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு அன்றைக்கு எத்தனையோ வண்டி. எடுக்கப் போகும்போது எந்த எண் இருந்தது, எதைச் செய்தார்கள், எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ரூபாயும் வாங்காத வாரண்டி வேலைக்கும் பில் உண்டு. வாங்காமல் வராதீர்கள். ஸ்கேனர் திரையை மொபைலில் படம் எடுக்க விடுவார்கள், கேட்டால்.

சரிசெய்த பிறகு இரண்டு மூன்று நாள் வழக்கமான ஓட்டம் ஓட்டுங்கள். கோளாறு தீர்ந்திருந்தால் பொதுவாக மூன்று ஓட்டம் தொடர்ந்து பழுதில்லாமல் போனபின் கம்ப்யூட்டர் தானே விளக்கை அணைக்கும். அதாவது நன்றாகச் சரிசெய்த வண்டியில் அழிக்கிற பட்டனைத் தட்டாவிட்டாலும் விளக்கு போகும்.

எல்லையோரத்துக் கேள்விகள்

கொல்லயிலில் இருந்து வடக்கே போனால் நெய்யாற்றின்கரை, தெற்கே போனால் மார்த்தாண்டம், இன்னும் போனால் நாகர்கோவில். மார்த்தாண்டத்தில் வாங்கிய வண்டிக்கு, டெம்பரரி ரிஜிஸ்ட்ரேஷனில் கொண்டுவந்து பாறசாலையில் கேஎல் 19 நம்பரோ நெய்யாற்றின்கரையில் கேஎல் 20 நம்பரோ போட்டிருப்பீர்கள். “அங்க வாங்கினது, அங்கயே காட்டுங்க” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரண்டி தருவது கம்பெனி. பெரிய கம்பெனிகளின் வாரண்டி நாட்டில் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் செல்லும். வாரண்டி புத்தகத்தில் அந்த வரி இருக்கும், விரலை வைத்துக் காட்டுங்கள். குறித்த சர்வீஸ்களைத் தேதி தவறாமல் செய்திருக்க வேண்டும் என்பதுதான் நீங்கள் காப்பாற்ற வேண்டிய நிபந்தனை.

சில நேரம் கோளாறு உங்கள் வண்டிக்கு மட்டும் உரியதாக இருக்காது. 2021 மே மாதம் சென்னையின் ராயல் என்ஃபீல்டு, இக்னிஷன் காயிலில் குறை இருக்கலாம் என்று மீட்டியர், கிளாசிக், புல்லட் 350 மாடல்களில் 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இன்ஜின் சரியாக எரியாமல் விடுவது, இழுவை குறைவது, அபூர்வமாக ஷார்ட் ஆவது என்று கம்பெனியே அறிகுறிகளைச் சொன்னது. அழைத்த வண்டிகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் காயில் மாற்ற வேண்டியிருக்கும் என்றும் சொன்னது. 2023 டிசம்பரில் ஹோண்டா, சிபி350 வண்டிகளின் சாய்வு சென்சாருக்குள் தண்ணீர் புகக்கூடும் என்று அழைத்தது. நம் மழைக்குப் பொருத்தமான கோளாறு. இப்படி அழைத்தால் பாகமும் கூலியும் இலவசம், வாரண்டி முடிந்திருந்தாலும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் கொண்டுவந்த 110ஏ பிரிவின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசே உத்தரவிடலாம். சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று கம்பெனியின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ சொல்லிவிடுவார்கள். எண் கையில் இருந்தால் இந்த விசாரணை சுலபம்.

அதே எண் திரும்பத் திரும்ப வருகிறது, அவர்களும் திரும்பத் திரும்ப அழிக்கிறார்கள் என்றால் கம்பெனிக்கு ஈமெயில் போடுங்கள், ஜாப் கார்டுகளை இணைத்து. அதற்கும் அசையவில்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பெரும்பாலான தகராறு வழக்கு வரை போகாமல் அங்கேயே பேசி முடியக்கூடியவை. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். எல்லைக்காரர்களுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு நல்லது செய்திருக்கிறது: வண்டியை நாகர்கோவிலில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொல்லயில்காரருக்கு அது திருவனந்தபுரம். விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, ஆன்லைனிலும் கொடுக்கலாம். கோளாறு தெரிந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

தேவைப்பட்டால் வண்டியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதில் மாதங்கள் போகும். மூன்று ஜாப் கார்டு, மூன்றிலும் ஒரே எண், பக்கத்தில் கிலோமீட்டர், கீழே சர்வீஸ் சென்டரின் முத்திரை என்று கொண்டுபோகிறவருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிவருவது குறைவு.